தூக்கிப் போடாதே, முரளி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். உன் பெண்ணுக்குப் புது வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, திரையில் எழுத்துகள் இப்போதுதான் எழுத்துகளாகத் தெரிகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, 11-ஐப் போடலாம் என்றால் இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதியில்லை என்கிறது, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். அதே கடிதத்தில், "அந்தக் காலத்து மெஷின்தான் மெஷின், இப்போது வருவதெல்லாம் குப்பை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அது என்னை இரண்டு நாளாகத் தொந்தரவு செய்கிறது. அதில் பாதிதான் எனக்குச் சம்மதம். நீ நினைக்கிற பாதி அதுவல்ல.

சமீபத்தில் என் பழைய 486 பிராசசர் கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். மூடியைக் கழற்றினால், பயந்தது போலவே ஆகியிருந்தது. மதர்போர்டில் கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், நீல உறை போட்ட குட்டி உருளையாக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்குமே, நினைவிருக்கிறதா? மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் செட்டிங்குகளையும் காப்பாற்றி வைப்பது அதுதான். அது கசிந்து சுற்றிலும் பச்சைப் பொருக்கு கட்டியிருந்தது. கசிவது காரம். விட்டால் போர்டின் செம்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுத்தேன். பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு வைத்ததும் சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. நுரை அடங்கும்வரை துடைத்து, அப்புறம் தண்ணீர், அப்புறம் ஆல்கஹால். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு தடம் நடுவில் அறுந்திருந்தது. மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்து இரண்டு முனைகளையும் சேர்த்தேன். புதுக் கண் இல்லாவிட்டால் முடிந்திருக்காது.

பவர் கொடுத்ததும் டக் டக்கென்று ரேமை எண்ணி முடித்து, ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிட்டது. பேட்டரி செத்தபோது அதற்கு எல்லாம் மறந்துபோயிருக்கிறது. இந்த போர்டின் பயாஸுக்கு, அதாவது பவர் கொடுத்ததும் முதலில் ஓடும் உள் புரோகிராமுக்கு, டிஸ்க்கைத் தானாகக் கண்டுபிடிக்கத் தெரியாது; எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், ஒரு தடத்துக்கு எத்தனை செக்டார் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நல்லவேளையாக டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் மூன்று எண்களும் அழியாமல் இருந்தன. அடித்தேன். டாஸ் என்ற அந்தக் காலத்து இயங்குதளம் ஏறியது, கட்டளைக்குக் காத்திருக்கும் சி பிராம்ப்ட் வந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். கர்சர் சிமிட்டியது. டிஸ்க் விளக்கு அணைந்தது. நான் ஏதாவது தட்டும்வரை அந்த மெஷினுக்கு உலகத்தில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. என் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார். நான் எதையும் தொடாதபோதே நூற்றுக்கும் மேற்பட்ட புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று வைரஸ் தேடும், ஒன்று ஃபைல்களை அட்டவணை போடும், ஒன்று அப்டேட் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும், ஒன்று யாரோ ஒருவரின் சர்வருக்கு என்னைப் பற்றிக் குறிப்பு அனுப்பும். பாதி எனக்காகவே நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. மீதிப் பாதி யாருக்காக என்பதுதான் கேள்வி.

அப்புறம் டாஸ் எடிட்டரைத் திறந்து சும்மா நாலு வரி அடித்தேன். விரல் விழுவதும் எழுத்து விழுவதும் ஒன்றாக இருந்தது. முதலில் பழைய பாசம் என்று நினைத்தேன், ஆனால் காரணம் இருக்கிறது. டாஸில் நீ ஒரு விசையை அழுத்தினால் பிராசசரின் கையிலிருக்கும் வேலை அந்த நொடியே நிறுத்தப்பட்டு, விசையின் எண் ஒரு சின்ன வரிசையில் போய் உட்காரும். அந்த வரிசையில் 15 விசைகளுக்குத்தான் இடம். நிறைந்தால் பீப் பீப் என்று கத்துமே, அதுதான். எடிட்டர் அதை எடுத்து வீடியோ மெமரியில் ஒரு பைட்டாக எழுதும். அடுத்த முறை திரை வரையப்படும்போது எழுத்து அங்கே இருக்கும். அவ்வளவுதான் பாதை.

இன்றைக்கு அதே விசை முதலில் கீபோர்டுக்குள் இருக்கும் சிப்பைத் தாண்ட வேண்டும். பிறகு யுஎஸ்பி வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இயங்குதளத்தின் வரிசை, பிறகு எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்ற முடிவு, பிறகு அந்த அப்ளிகேஷன். அது எலக்ட்ரான் என்ற கருவித்தொகுப்பில் செய்த அப்ளிகேஷன் என்றால் தனக்கென்று ஒரு முழு குரோமியம் பிரவுசரையே வயிற்றில் சுமந்துகொண்டிருக்கும். அது தன் பக்கத்தை வரைந்து முடித்த பிறகு, எல்லா ஜன்னல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் படமாக்கும் வேலை தனி. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். எங்காவது ஒன்றிரண்டு படம் தாமதித்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆயிரம் மடங்கு வேகமான பிராசசர் இருந்தும் தட்டச்சு செய்வதில் ஒரு கொழகொழப்பு இருப்பது இதனால்தான். பாஸ்கல் மொழியைத் தந்த நிக்லாஸ் விர்த், வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் வேகமாக மெதுவாகிக்கொண்டே போகிறது என்று 1995-லேயே புலம்பியிருக்கிறார். அந்த வருடம் வந்த விண்டோஸ் 95 குறைந்தபட்சம் கேட்ட ரேம் 4 எம்பி. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. சரியாக 1024 மடங்கு. எழுதும் கடிதம் மட்டும் அதே நீளம்தான்!

இதையே இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால் கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். 1982-இல் வந்தது, மொத்தமே 64 கேபி ரேம். அதன் இயங்குதளம், பேசிக் மொழி, எழுத்துருவம் எல்லாம் சேர்த்து 20 கேபி ராமில் எரிக்கப்பட்டிருந்தது. (இந்த ராம் படிக்க மட்டும் முடிந்த நினைவகம், அந்த ரேம் எழுதி அழிக்கக்கூடியது, நம் இருவருக்கும் இதைச் சொல்லித் தந்தவருக்கு இன்னும் தலைவலி தீர்ந்திருக்காது.) ஸ்விட்சைப் போட்டால் இரண்டு மூன்று நொடியில், பேசிக்குக்கு 38911 பைட் காலியாக இருக்கிறது என்று முதல் திரையிலேயே கணக்குச் சொல்லிவிடும். போக் 53280, 0 என்று, ஒரு முகவரியில் எண்ணை எழுதும் கட்டளையை அடித்தால் திரையின் கரை கறுப்பாகும். அனுமதி கேட்கவோ லைப்ரரி சேர்க்கவோ வேண்டாம். அந்த முகவரியில் வீடியோ சிப் நேராக உட்கார்ந்திருக்கிறது. அதன் புரோகிராமர் கையேட்டில் முழு சர்க்யூட் வரைபடமும் இருந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் முனைந்தால் அந்த மெஷின் முழுவதையும் தன் மண்டைக்குள் ஏற்றிவிடலாம். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரை முழுதாகத் தெரிந்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது, அதைச் செய்தவர்கள் உட்பட.

இதுவரை உன் பக்கம் பேசிவிட்டேன். இனி எதிர்ப்பக்கம்.

அந்தக் காலத்து மெஷின் உழைத்தது, விழாது என்று எழுதியிருக்கிறாய். எந்த மெஷினைச் சொல்கிறாய் என்றே எனக்குத் தெரியவில்லை. டாஸ் என்பது சுவரே இல்லாத வீடு. எந்தப் புரோகிராமும் எந்த முகவரியிலும் எழுதலாம், இயங்குதளத்தின் மேலேயே எழுதலாம். ஒன்று தடுக்கினால் எல்லாம் சாயும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று மூன்று விரலை விரித்து அழுத்திவிட்டு, கடைசியாக எப்போது சேவ் செய்தோம் என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்போமே, அது மறந்துவிட்டதா? 1985-இல் வந்த அமிகா கம்ப்யூட்டர் 256 கேபி ரேமில் ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை அழகாக ஓட்டியது, அந்த நாளுக்கு அது ஒரு அதிசயம். அங்கும் சுவர் இல்லை. ஒரு புரோகிராம் தப்பு செய்தால் சிவப்புக் கட்டத்தில் 'குரு மெடிடேஷன்' என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு மொத்தமும் படுத்துவிடும்.

640 கேபி கொடுமையை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? ஐபிஎம் பிசியில் இருந்த 8088 பிராசசருக்கு 20 முகவரிக் கம்பிகள், அதனால் 1 எம்பிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் மேலே 384 கேபியைத் திரைக்கும் ராமுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். 386 வந்து, 486 வந்து, ரேம் 8 எம்பி ஆன பிறகும், பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே என்று அந்த 640-ஐக் கட்டிக்கொண்டே அழுதோம். மவுஸ் டிரைவரை மேலே தள்ளு, சிடி டிரைவரைக் கழற்று, ஹைமெம், இஎம்எம்386 என்ற மெமரி மேனேஜர்களைச் சேர், கான்ஃபிக் டாட் சிஸ் என்ற செட்டிங் ஃபைலில் ஒரு வரியை மாற்று, ரீபூட், காலி இடத்தைக் காட்டும் மெம் கட்டளையை அடித்துப் பார், இன்னும் 3 கேபி குறைகிறது. ஒரு விளையாட்டை ஓட்ட அதற்கென்று தனி பூட் பிளாப்பி வைத்திருந்தவன் நீ. சவுண்டு கார்டு வாங்கினால் ஐஆர்க்யூ (கார்டு பிராசசரைக் கூப்பிடும் வழி) எண் 5-ஆ 7-ஆ என்று ஜம்பரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருக வேண்டும். இப்போது ரசித்துச் சொல்கிறோம். அன்றைக்கு நீ திட்டிய வார்த்தைகளை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

விண்டோஸ் 95-இல் ஒரு கோளாறு உண்டு: மெஷின் ஆன் ஆனதிலிருந்து மில்லிசெகண்டுகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டே வரும், 49.7 நாளில் எண் நிரம்பும், மெஷின் உறைந்துவிடும். இது வெளியே தெரியவே சில வருடம் ஆயிற்று. அதுவரை எந்த வீட்டிலாவது அத்தனை நாள் விழாமல் ஓடியிருந்தால்தானே!

நீ ஏங்குவது உண்மையில் விண்டோஸ் எக்ஸ்பிக்காக என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் நம் நாற்பதுகளோடு சேர்ந்துவிட்டன, அதனால் அதைக் குறை சொன்னால் உனக்குக் கோபம் வரும். 2001-இல் அது செய்த பெரிய காரியம், அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட என்டி கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, வீட்டுக்குக் கொண்டுவந்தது. அன்றுதான் விண்டோஸ் வீடுகளில் நிஜமான சுவர் எழும்பியது. ஒரு புரோகிராம் செத்தால் அது மட்டும் சாகும் என்ற நிலை வந்தது. நீ நினைக்கும் நிம்மதி அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சுவர் கட்டியவர்கள் வாசல் கதவைத் தாழ் போடவில்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் புழு வந்தபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. நெட்டில் இணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே தொற்றிக்கொண்டது. வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தானாகவே போட்டுவிட்டது 2004-இல் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான். நீ சலித்துக்கொள்ளும் மாதாந்திர அப்டேட்டுகளும் கேள்விமேல் கேள்வி கேட்கும் பெட்டிகளும் அப்படிப்பட்ட அடிகள் வாங்கித்தான் வந்தன.

தமிழை விட்டுவிட்டாயே. என் பழைய டிஸ்க்கில் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். ஏனென்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, வேஷம் போட்ட ஆங்கிலம். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, அனுப்பினால் எதிராளியிடமும் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் தரும் யூனிகோடின் 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளே வந்து, எக்ஸ்பி வழியாக வீடுகளுக்குப் பரவ இத்தனை வருடம் ஆனது. இன்று எந்த மூலையில் எந்தக் கருவியில் திறந்தாலும் அம்மா அம்மாவாகத் தெரிகிறாள். இந்த ஒன்றுக்காகவே நான் 1992-க்குத் திரும்பிப் போக மாட்டேன்.

ஆக, எனக்குச் சம்மதமான பாதி எது என்று இப்போது தெரிந்திருக்கும். பழசு உறுதி, புதுசு குப்பை என்பது சரியில்லை. உறுதியில் இன்றைய மெஷின் பல படி மேலே. போனது வேறு. பழைய பெட்டிக்கு எஜமான் ஒருவர்தான், அது எதிரே உட்கார்ந்திருக்கிறவர். இன்றைக்கு நாம் பல எஜமான்களில் ஒருவர். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலாக அமைக்கும்போது நெட் இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. என் வீட்டு மேசையில் இருக்கும் பெட்டியைத் திறக்க நான் எதற்காக எங்கோ இருக்கும் ஒரு கணக்கில் நுழைய வேண்டும்? பாதுகாப்பு என்பார்கள், வசதி என்பார்கள். இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கூடவே வைத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

இனி உன் பெட்டி. 2013 வாக்கில் வாங்கியது, 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி இல்லை என்று எழுதியிருக்கிறாய். 11 அதை ஒதுக்குவது தெம்பு இல்லை என்பதற்காக அல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது, பிராசசரும் இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்து இருக்க வேண்டும் என்கிறது. உன்னுடையதில் இரண்டும் இல்லை. 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை விரும்பியவர்களுக்கு மேற்கொண்டு ஒரு வருடம் தருகிறார்கள், அது தற்காலிகம்தான்.

முதல் வேலை, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிசெகண்ட். ஹெட் நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் நொடிக்கு நூறு தடவை தேறினால் அதிகம். எஸ்எஸ்டிக்கு நகரும் பாகமே இல்லை, பல்லாயிரம் தடவை படிக்கும். பெட்டி கிழடாகிவிட்டது என்று நீ நினைப்பதில் பெரும்பங்கு அந்தத் தட்டின் தள்ளாட்டம்தான்.

அடுத்தது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், லினக்ஸ் மின்ட், சினமன் பதிப்பு. 4 ஜிபி ரேம் இருந்தாலே தாராளம் என்கிறார்கள், உன்னிடம் இரட்டிப்பு இருக்கிறது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார். வைஃபை, பிரிண்டர், ஸ்பீக்கர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சில வைஃபை சிப்புகள் முரண்டு பிடிக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்டேட் வந்தால் மூலையில் ஒரு சின்னச் சின்னம் தெரியும். நீ சொல்லும்போது போடும், அதுவரை வாயைத் திறக்காது. உன் குணத்துக்கு அது ஒத்துவரும். லினக்ஸ் பழசைக் கைவிடாது என்ற கற்பனையும் வேண்டாம். 1991-இல் எந்த 386-க்காக லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுத ஆரம்பித்தாரோ, அந்த 386-ஐயே 2013-இல் வந்த 3.8 கர்னலோடு கழற்றிவிட்டார்கள்.

நீ விடமாட்டேன் என்கிற அந்தக் கணக்குப் புரோகிராமுக்கு வழி இருக்கிறது. மின்டுக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும் புரோகிராம்) போட்டு, அதற்குள் எக்ஸ்பியை நிறுவி, நெட்வொர்க்கை மட்டும் அணைத்து வை. வெளியுலகம் தெரியாமல் உள்ளே அது பாட்டுக்கு ஓடும். பச்சைப் புல்வெளியும் உனக்குக் கிடைக்கும்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். அலமாரியில் ஒரு பெட்டி நிறைய பிளாப்பி இருப்பதாக எழுதியிருந்தாய். அதைத் தள்ளிப் போடாதே, காந்தப் பூச்சு உதிர ஆரம்பித்தால் எதுவும் செய்ய முடியாது. மூன்றரை அங்குல டிஸ்க்குகளை யுஎஸ்பி டிரைவிலேயே படித்துவிடலாம். ஐந்தேகால் அங்குலத்துக்கு அது உதவாது, பழைய டிரைவ்தான் வேண்டும். என் 486-இல் ஒன்று இருக்கிறது, வேலையும் செய்கிறது. உறையின் ஜன்னல் வழியாகப் பார்த்து வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்த டிஸ்க்கை எதிலும் செருகாதே. ஹெட்டில் அழுக்கு ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும். அதைத் தனியாக எடுத்து வை, நான் துடைத்துப் பார்க்கிறேன். பெரியது எத்தனை, சின்னது எத்தனை, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. நாம் சேர்ந்து எழுதிய அந்த நூலகப் புரோகிராமின் மூலப் பிரதி என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு